தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கிட்டார்... சோமனூர் டு கோவை ஹெட்போன் பயணம்!

சோமனூருக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் வரவேற்பது தறிச் சத்தம்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வீதி உள்ளே நடந்தால் போதும், வீட்டுக்கு வீடு 'டக்கடக்... டக்கடக்' என்று விசைத்தறி ஓடும். உள்ளூர்க்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. நடுராத்திரியில் கரன்ட் போய் தறி நின்றால்தான், 'என்னாச்சு?' என்று தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவார்கள்.

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம், அவிநாசி என்று பரந்து கிடக்கும் பகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் ஓடுகின்றன. பெரும்பாலும் கூலிக்குக் காடா துணி நெய்கிற தறிகள். தறிக்குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், காதருகே குனிந்து கத்த வேண்டும். இல்லையென்றால் கைஜாடைதான்.

அப்படியொரு குடோனை ஒட்டிய வீடு அது. அப்பா இருபது வருடங்களுக்கும் மேலாகத் தறி ஓட்டுகிறவர். மகன் கோவையில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். சீனியர் ஒருவரிடமிருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும், கையடக்கமான ஓர் ஆம்ப்ளிஃபையரும் அவனுக்கு வந்து சேர்ந்தன. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஆம்ப்பின் சத்தத்தைக் கூட்டினால், அப்பத்தா தூங்க முடியாது. குறைத்தால், தறிச் சத்தம் கிட்டாரை விழுங்கிவிடும். பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். போனோடு வந்த இயர்போனை ஆம்ப்பில் சொருகி, வால்யூமை முழுசாக வைத்து வாசிக்க ஆரம்பித்தான். பாட்டுக் கேட்பதும் அதே வால்யூமில்தான்.

ஒரு நாள் பொழுதோட அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார். "ஏங் கண்ணு, மூணு தடவை கூப்பிட்டாச்சு. காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கிற?"

மகனுக்கு அது காதில் விழவில்லை. அப்பாவுக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தைகளை அவர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். டி.வி. வால்யூம் வருடத்துக்கு இரண்டு புள்ளியாவது ஏறுகிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால், பத்தொன்பது வயதுப் பையனிடம் அதே கேள்வியைக் கேட்கும்போது சிரிப்பு வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போலாம் சாமி. காதுக்கு நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வந்துரலாம்" என்றார். சனிக்கிழமை கூலி வந்ததும், அதிலிருந்து ஐயாயிரம் ரூபாயை எடுத்துத் தனியாக வைத்தார்.

மில் சங்கும் பாட்டுச் சத்தமும்

சோமனூரில் ஏறினால் கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம், ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில்ஸ் என்று காந்திபுரம் வரை ஒரே நேர்ப்பாதை. அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை, 10.1 கிலோ மீட்டருக்கு நீளும் ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. கார்கள் மேலே பறக்கின்றன. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்ற வேண்டிய பஸ்ஸுக்குக் கீழ்ப்பாதைதான்.

இந்தச் சாலையே சத்தத்தால் வளர்ந்த சாலை. கோவையின் முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசை கட்டின. மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் சுற்றுவட்டார வீடுகளில் நேரமே கணக்கிட்டார்கள். மில்லுக்குப் பிறகு மோட்டார், மோட்டாருக்குப் பிறகு பம்ப்செட், பிறகு விசைத்தறி. கொங்கு நாட்டுக்குச் சோறு போட்டது எல்லாமே சத்தம் போடுகிற இயந்திரங்கள்தான்.

அதே ஊரில், சத்தத்தை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை உருவாக்கியவர்களும் இருந்தார்கள். திருச்சி சாலையில், சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோ அப்படியொரு இடம். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி' (1947) அங்கே உருவானதுதான். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசை அந்த வளாகத்தில் ஒலித்தது. இயந்திரம் இரைகிற ஊரில் இசையை எப்படிக் கேட்பது என்ற கேள்வி கோவைக்குப் புதிதல்ல.

"ஒயரெல்லாம் போன காலமுங்க!"

ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் நடக்க முடியாது, நகரத்தான் முடியும். ஜவுளிக்கடை, நகைக்கடைக் கூட்டத்தைத் தாண்டி அப்பாவும் மகனும் ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்தார்கள். கண்ணாடிப் பெட்டி முழுக்க ப்ளூடூத் இயர்பட்ஸ்.

"வாங்கண்ணா... தம்பிக்குங்களா? ஒயரெல்லாம் போன காலமுங்க. இதப் பாருங்க, நாப்பது மணி நேரம் சார்ஜ் நிக்கும்" என்றார் கடைப் பையன். ஒரு ப்ளூடூத் ஹெட்போனை மாட்டிப் பார்த்தால் 'டம் டம்' என்று நெஞ்சு வரை அதிர்ந்தது. விலையும் இரண்டாயிரத்துக்குள். அப்பாவுக்குத் திருப்தி. மகனுக்குத்தான் ஒரு சந்தேகம்.

"அண்ணா, இதுல கிட்டார் வாசிச்சா சரியா வருங்களா?"

"அது தெரியலீங் தம்பி. ஆர்.எஸ்.புரம் பக்கம் மியூசிக் கடையில கேட்டுப் பாருங்க" என்று நேர்மையாகச் சொன்னார் அவர்.

ஆர்.எஸ்.புரத்தில் இருந்த இசைக்கருவிக் கடை கூட்டமில்லாமல் அமைதியாக இருந்தது. வீணை, கீபோர்டு, தபேலாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரர், பையனின் கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லவில்லை. ஒரு கிட்டாரை எடுத்து அவன் கையில் கொடுத்து, ப்ளூடூத் ஹெட்போனை மாட்டிவிட்டு, "வாசிங்க தம்பி" என்றார்.

பையன் ஒரு தந்தியை மீட்டினான். விரல் நகர்ந்து முடிந்த பிறகுதான் காதில் ஒலி வந்தது. அடுத்தடுத்து வேகமாக மீட்டினால் கையும் காதும் அடித்துக்கொண்டன. தாளமே தடுமாறிப்போனது.

காரணம் எளிமையானது. ப்ளூடூத், ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் சாதாரணமாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை கடந்துவிடும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியாது. ஆனால், காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் பார்த்தால், அறுபது எழுபது மீட்டர் தள்ளி, வீதிக் கோடியில் யாரோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே தான் வாசிப்பதற்குச் சமம். பயிற்சிக்கு ஒயர்தான் சரி.

கதவைச் சாத்துவதா, திறப்பதா?

அடுத்து கடைக்காரர் இரண்டு ஹெட்போன்களை மேஜையில் வைத்தார். ஒன்றின் வெளிப்புறம் கம்பிவலை போலத் துளைகளோடு இருந்தது. அது 'ஓப்பன் பேக்'. இன்னொன்று முழுக்க மூடிய கிண்ணம் போல இருந்தது. அதுதான் 'குளோஸ்டு பேக்'.

ஓப்பன் பேக் என்பது ஜன்னலைத் திறந்துவைத்து உட்காருவது போல. காற்றோட்டமாக, விசாலமாகக் கேட்கும். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 'எச்டி 414' என்ற ஹெட்போனில் இந்த வழியைத் தொடங்கிவைத்தது. ஆனால், திறந்த ஜன்னல் வழியே உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். அமைதியான அறை வைத்திருப்பவர்களுக்குச் சரி. தறிக்குடோனை ஒட்டிய வீட்டுக்கு ஆகாது.

குளோஸ்டு பேக் கதவைச் சாத்திக்கொள்வது. காதை முழுசாகச் சுற்றி மெத்தை உட்காரும். கிட்டார் சத்தம் அப்பத்தாவின் கட்டில் வரை போகாது. தறிச் சத்தமும் குறைந்துதான் உள்ளே வரும். முழுசாக நிற்காது. 'கடகட', 'கிறீச்' போன்ற சத்தங்கள் நன்றாக அடங்கும், தரை அதிர்கிற 'ஹும்' கொஞ்சம் மிஞ்சும். ஸ்டுடியோக்களில் பாடகர்கள் காதில் இருப்பதும் இந்த வகைதான். காதில் கேட்கும் பின்னணி இசை ஒழுகி மைக்கில் விழக் கூடாது என்பதற்காக.

விலையைக் கேட்டதும் அப்பா கொஞ்சம் பின்வாங்கினார். "ஏனுங்க, ரெண்டாயிரத்துல அத்தனை சத்தம் வந்துச்சே?"

"சத்தம் வருமுங்கண்ணா. கிட்டார் வராது" என்றார் கடைக்காரர்.

கிட்டாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் எழும் ஒலி சுமார் 82 ஹெர்ட்ஸ். கடைசிக் கட்டையில் மெல்லிய தந்தி 1,200 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அதன் மேல் ஒலிக்கும் கிளை ஒலிகளைச் சேர்த்தாலும் கிட்டாரின் உயிர் நடுப்பகுதியில்தான் இருக்கிறது. மலிவான ஹெட்போன்கள் பல, கடையில் மாட்டிப் பார்க்கும் முதல் நிமிடத்திலேயே மயக்குவதற்காக, கீழ்ப்பகுதி 'டம் டம்'மை ஊதிப் பெரிதாக்குகின்றன. அதில் நடுப்பகுதி மூழ்கிவிடும். விரல் தப்பான கட்டையில் பட்டாலும் தெரியாது. பயிற்சிக்கு உதவுவது, தப்பைத் தப்பென்று காட்டிக்கொடுக்கும் ஹெட்போன்தான்.

ஐயாயிரத்தில் என்ன கிடைக்கும்?

உலகம் முழுக்க இந்தத் தேவைக்குப் பேர்போன மாடல்கள் சில உண்டு. சோனியின் 'எம்டிஆர்-7506' 1991 முதல் பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. சென்ஹைசரின் 'எச்டி 280 ப்ரோ', வெளிச்சத்தத்தை 32 டெசிபல் வரை தடுக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால், தலையைக் கொஞ்சம் இறுக்கும். பேயர்டைனமிக்கின் 'டிடி 770 ப்ரோ' மெத்தென்று உட்காரும். விலை இன்னும் மேலே. ஐயாயிரத்தை ஒட்டிய பட்ஜெட்டில் ஆரம்பிக்கிறவர்களுக்கு ஆடியோ டெக்னிக்காவின் 'ஏடிஎச்-எம்20எக்ஸ்' பல காலமாகச் சிபாரிசு செய்யப்படுகிறது.

எல்லாவற்றிலும் 'ஓம்' என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். 'எம்20எக்ஸ்' 47 ஓம். சோனி 63 ஓம். 'டிடி 770 ப்ரோ' 32, 80, 250 என்று பல ரகங்களில் வரும். 250 ஓம் ரகத்தைச் செல்போனில் சொருகினால் சத்தம் முனகும். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். செல்போன், சின்ன ஆம்ப் இரண்டிலும் பயன்படுத்துகிறவர்களுக்கு 32 முதல் 64 ஓம் வரை வசதி.

இன்னொன்று ஜாக். கிட்டார் ஆம்ப்களில் பெரும்பாலும் தடித்த 6.3 மில்லி மீட்டர் துளை இருக்கும். செல்போன் ஒயர் முனை 3.5 மில்லி மீட்டர். 'எம்20எக்ஸ்' பெட்டிக்குள் அதற்கான மாற்றுமுனை சேர்ந்தே வருகிறது. ஒயர் மூன்று மீட்டர் நீளம். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வசதி, பஸ்ஸில் பாட்டுக் கேட்கத் தொந்தரவு. போனில் துளையே இல்லாவிட்டால் சின்ன டைப்-சி இணைப்பு ஒன்று தேவைப்படும்.

பையன் ஆம்ப்போடு இணைத்து வாசித்துப் பார்த்தான். பிறகு போனில் 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை ஓடவிட்டான். நூறு முறை கேட்ட பாட்டு. கிட்டார் தந்தியில் விரல் உரசி நகர்வதைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. கீழே பேஸ் கிட்டார் வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. "அப்பா, நீங்களும் கேளுங்க" என்று கழற்றி அவர் தலையில் மாட்டினான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் கடைக்காரர் கீபோர்டில் ஹெட்போனை இணைத்து, தாளத் தட்டின் மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' ஒலியை வாசித்தார். "இது கேக்குதுங்களாண்ணா?"

"எது?"

மகன் வாங்கி மாட்டினான். அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. மறுபடி அப்பாவிடம் கொடுத்தான். அவர் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். கடையில் யாரும் எதுவும் பேசவில்லை.

அந்த 'ஸ்ஸ்ஸ்'

நீண்ட கால இரைச்சல் காதைப் பாதிக்கும்போது, முதலில் போவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஒலிகள்தான். தாளத் தட்டின் நுனி, குருவிச் சத்தம், பேச்சில் வரும் 'ச', 'ஸ' எழுத்துகள். அதனால்தான் 'பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல' என்பார்கள். உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நான்கு மணி நேரம். 91 என்றால் இரண்டு. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். முழு வால்யூமில் இயர்போன் அந்த அளவை எட்டிவிடும். நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இப்படிக் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

காதை அடைக்காத இயர்போனில், தறிச் சத்தத்தை ஜெயிக்க பாட்டை அதற்கு மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. குளோஸ்டு பேக் ஹெட்போன் தறிச் சத்தத்தையே கீழே இறக்குகிறது. பாதி வால்யூமிலேயே எல்லாம் கேட்டுவிடுகிறது. கூட்டிக் கேட்பதற்கல்ல, குறைத்துக் கேட்பதற்குத்தான் இதற்குப் பணம் கொடுப்பது.

"இதையே போட்றலாமுங்க" என்றார் அப்பா. பேரம் பேசவில்லை. கொண்டுபோன பணத்துக்குள் அடங்கியது. "கிட்டார் வாங்கறவங்க எல்லாம் கேக்கறது, எவ்வளவு சத்தம் வருமுன்னுதாங்க. நீங்கதான் சத்தம் கொறையணும்னு வந்திருக்கீங்க" என்று சிரித்தபடி பில் போட்டார் கடைக்காரர்.

வாங்கும் முன் கவனிக்க...

● நன்றாகப் பழகிய இரண்டு பாடல்களைப் போனில் கொண்டு போக வேண்டும். புதுப் பாட்டில் வித்தியாசம் தெரியாது.

● குறைந்தது பத்து நிமிடம் மாட்டியிருக்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்க வேண்டும். மெத்தைக்கும் தோலுக்கும் இடைவெளி இருந்தால் வெளிச்சத்தம் உள்ளே வந்துவிடும்.

● நம் ஊர் வியர்வைக்குச் செயற்கைத் தோல் மெத்தை சில வருடங்களில் உரியும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்ப்பது நல்லது.

● கிட்டாரில் நேரடியாக ஹெட்போனைச் சொருகினால் பயன் இல்லை. ஹெட்போன் துளை உள்ள ஆம்ப் அல்லது கிட்டாரிலேயே சொருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் அவசியம். அதில் 'கேபினெட்' ஒலி வசதி இருந்தால், கொசு இரைவது போன்ற கரகரப்பு இருக்காது.

● அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பவர்கள் மெட்ரோனோம் கேட்டுப் பயிற்சி செய்யும்போது ஒரு காதை மட்டும் மூடினால் போதும். இரண்டையும் மூடினால் சொந்தக் கிட்டார் சரியாகக் கேட்காது.

● பெயர்பெற்ற பிராண்டுகளுக்குப் போலிகள் உண்டு. பில்லும் வாரன்ட்டியும் முக்கியம்.

● சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் வேண்டவே வேண்டாம். ஹார்ன் சத்தத்தையும் அது தடுத்துவிடும்.

இரண்டு சின்னப் பொட்டலங்கள்

திரும்புகிற வழியில் ஒரு காபி. பிறகு மகன் பக்கத்தில் இருந்த மெடிக்கலுக்குள் போய்விட்டு வந்தான். கையில் இரண்டு சின்னப் பொட்டலங்கள். காதில் உருட்டி வைத்துக்கொள்ளும் நுரைப்பஞ்சு அடைப்பான்கள்.

"இது உங்களுக்குங்கப்பா. தறிக்குள்ள போறப்ப."

"இத்தனை வருசம் வெக்காததா சாமி?"

"மிச்சம் இருக்கறதாவது இருக்கட்டுங்கப்பா."

அப்பா பதில் சொல்லவில்லை. பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தறிக்குள் போகிறவர்களுக்குப் பாட்டு ஹெட்போன் பாதுகாப்பு ஆகாது. சத்தத்துக்கு மேல் சத்தம் சேர்ந்துவிடும். அங்கே அடைப்பானோ, தொழிற்சாலைகளில் தரும் காதுக் கவசமோதான் வேண்டும். அப்பாவின் காதில் போனது திரும்பாது. போகாமல் இருப்பதைக் காப்பாற்ற முடியும்.

அன்று ராத்திரி சோமனூரில் வழக்கம்போலத் தறி ஓடியது. அப்பத்தா தூங்கிவிட்டார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பையனின் விரல்கள் தந்தியில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்று கேட்டால் தந்தியின் மெல்லிய 'டிங் டிங்' மட்டும்தான். வால்யூம் பாதிக்கும் கீழே.

அடுப்படியிலிருந்து அம்மா ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். அவன் திரும்பவில்லை. அப்பா எழுந்து போய் மெதுவாக அவன் தோளைத் தொட்டார்.

"சாப்பிட வா சாமி."

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கிட்டார் மேல் மாட்டினான். காலை ஷிஃப்ட்டுக்கு எடுத்து வைத்திருந்த அப்பாவின் சட்டைப் பையில், அந்தப் பொட்டலம் பிரித்திருந்தது.